மருந்து வணிகரின் பாதையில் தாய்ச்சி

ஞாயிறு, செங்சோவ்

ஹெனான் மாகாணத்துக்குப் போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஷாவோலின் கோயிலுக்கா? போதிதர்மர் காஞ்சிபுரத்துக்காரர் ஆயிற்றே!"

இல்லை. ஷாவோலின் இங்கிருந்து தென்மேற்கே, சோங் மலையில் இருக்கிறது. நான் போவது எதிர்த் திசையில். மஞ்சள் ஆற்றைத் தாண்டி வடக்கே போனால் வென் வட்டம். அங்கே சென்ஜியாகோவ் என்றொரு கிராமம். உலகமெங்கும் பூங்காக்களில் முதியவர்கள் மெல்லக் கையசைத்துச் செய்யும் தாய்ச்சியின் வேரை எழுத்துச் சான்றுகளைப் பிடித்துக்கொண்டு தேடினால், தடம் அந்த ஊரில்தான் போய் நிற்கிறது.

போதிதர்மரைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஷாவோலின் கோயில் 495ஆம் ஆண்டுவாக்கில் வேறோர் இந்தியத் துறவிக்காகக் கட்டப்பட்டது. போதிதர்மர் கற்பித்ததாகச் சொல்லப்படும் உடற்பயிற்சி நூல் 1624ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகள் பிந்தையது. இதை வெளிப்படையாக எழுதியவர் தாங் ஹாவ் என்ற சீன வழக்கறிஞர். 1930இல் வெளியான அந்த நூலில் அவர் உடைத்தது போதிதர்மர் கதையை மட்டும் அல்ல. வூடாங் மலையில் வாழ்ந்த ஜாங் சான்ஃபெங் என்ற தாவோயிசத் துறவிதான் தாய்ச்சியைப் படைத்தார் என்ற நம்பிக்கையையும் சேர்த்தே உடைத்தார். நமக்கு வருத்தம் என்றால் சீனர்களுக்குக் கோபம்.

ஜாங் சான்ஃபெங் கதை சுவையானது என்பதை மறுக்க முடியாது. 1669இல் ஹுவாங் சோங்ஸி என்ற அறிஞர், வாங் ஜெங்னான் என்ற வீரருக்கு எழுதிய கல்லறைக் கல்வெட்டில் அது வருகிறது. ஜாங்கின் கனவில் வடதிசைத் தெய்வம் தோன்றி மற்போர் கற்றுக் கொடுத்ததாம். விடிந்ததும் அவர் தனி ஆளாக நூற்றுக்கும் மேற்பட்ட கொள்ளையரைக் கொன்றாராம். ஷாவோலின் கலை 'புறக் கலை', ஜாங்கின் கலை 'அகக் கலை' என்ற பிரிவினை முதன்முதலில் தென்படுவதும் அதே கல்வெட்டில்தான். ஹுவாங் மிங் அரசின் விசுவாசி. மிங்குக்குப் பின் சீனாவை ஆண்ட மஞ்சூக்களை எதிர்த்து நின்றவர். வெளியிலிருந்து வந்த பௌத்தத்தின் மடத்தைப் புறம் என்றும், மண்ணின் மதமான தாவோயிசத்தின் மலையை அகம் என்றும் அவர் பிரித்ததில் அரசியல் இருக்கிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. தாய்ச்சியையும், சிங்யி, பாகுவா என்ற வேறிரு சீன மற்போர்க் கலைகளையும் ஒரே 'அகக் கலை'க் குடும்பமாகப் பேசும் வழக்கம் இதற்கு வெகு காலத்துக்குப் பிறகு வந்தது.

காலையில் மக்கள் பூங்காவுக்குப் போனேன். ஒலிபெருக்கியில் மென்மையான இசை ஓட, வெள்ளைப் பட்டுச் சட்டை அணிந்த பெண்கள் வரிசையாக நின்று 24 அசைவுத் தொகுப்பைச் செய்துகொண்டிருந்தார்கள். 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் வல்லுநர்களைக் கூட்டி, தாய்ச்சியின் யாங் குடும்பப் பாணியிலிருந்து சுருக்கி உருவாக்கிய தொகுப்பு அது. ஐந்தாறு நிமிடங்களில் முடிந்துவிடும். யாருக்கும் மூட்டு வலிக்காது. நான் கற்றதும் அதுதான்.

பூங்கா வாசலில் ஹூலாதாங் குடித்தேன். மிளகு தூக்கலான கெட்டிச் சூப். நம் மிளகு ரசத்தில் மாவைக் கரைத்து, இறைச்சித் துணுக்குகளையும் போட்டுக் கொதிக்கவிட்டதைப் போல இருந்தது. இரண்டாவது கிண்ணமும் கேட்டேன்.

திங்கள், சென்ஜியாகோவ்

பாலத்தின் மேல் பஸ் போகும்போது மஞ்சள் ஆறு பெயருக்கேற்ற நிறத்தில் பரந்து கிடந்தது. நீரைவிட மணல் திட்டுகள் அதிகம். ஆற்றைத் தாண்டியதும் தட்டையான வயல்வெளி. சோள அறுவடை முடிந்து கோதுமை விதைத்திருக்கிறார்கள். வீடுகளின் முன்னால் சோளக்கதிர்கள் மஞ்சள் அடுக்குகளாகக் காய்கின்றன.

வென் வட்டத்துக்கு வரலாற்றில் வேறொரு பெருமையும் உண்டு. மூன்று அரசுகள் காலத்துத் தந்திரசாலித் தளபதி சிமா யி பிறந்த மண் இது. ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கியவுடன் கண்ணில் படுகிறவை தாய்ச்சிப் பள்ளிகளின் பெயர்ப் பலகைகள்தான். வீட்டுச் சுவர்களில் வெள்ளையடித்து, ஆளுயரத்துக்குத் தாய்ச்சி நிலைகளை வரைந்திருக்கிறார்கள். சீருடை அணிந்த சிறுவர்கள் கையில் மரவாளோடு குறுக்கே ஓடுகிறார்கள். பெரிய பெரிய சதுக்கங்கள், அகலச் சாலைகள், நினைவுப் பொருள் கடைகள். பழைய கிராமம் எங்கே என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. 2020இல் யுனெஸ்கோ தாய்ச்சியைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஊருக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தச் செய்தி ஒரு பலகையிலாவது இருக்கிறது.

மூதாதையர் கோயிலில் சென் வாங்டிங்கின் சிலை. அவருக்கு முன்பே ஊரின் கதை தொடங்கிவிடுகிறது. 1370களில், போரால் வெறிச்சோடிப் போயிருந்த ஹெனானுக்கு மிங் அரசு ஷான்ஸி மாகாணத்திலிருந்து மக்களைக் கூட்டம் கூட்டமாகக் குடியேற்றியது. அப்படி வந்தவர்களில் ஒருவர் சென் பூ. அவருடைய ஒன்பதாம் தலைமுறை வாங்டிங். பிறப்பு 1600, இறப்பு 1680 என்கிறது கோயில் பலகை. மிங் அரசின் கடைசிக் காலத்தில் இந்த வட்டத்தின் காவல் படையில் பொறுப்பில் இருந்தவர். 1644இல் அரசு வீழ்ந்தது. அவர் வீடு திரும்பினார். முதுமையில் எழுதியதாகக் குடும்பம் காத்துவரும் பாட்டு ஒன்றில், இப்போது எனக்குத் துணை தாவோயிச நூல் ஒன்றுதான், சலிப்பு வந்தால் மற்போர் அசைவுகளைப் படைக்கிறேன், வேலை வரும் பருவத்தில் வயலை உழுகிறேன் என்கிற பொருளில் வரிகள் வருகின்றன.

கனவும் இல்லை, தெய்வமும் இல்லை. பதவி போன படைக்காரர் ஒருவர்; கையில் நேரம் இருந்தது.

அவர் எதிலிருந்து படைத்தார் என்பதற்கும் சான்று உண்டு. கடற்கொள்ளையரை ஒடுக்கிய மிங் தளபதி சீ ஜிகுவாங், தன் வீரர்களுக்காக 16ஆம் நூற்றாண்டில் எழுதிய போர்ப் பயிற்சி நூலில் 32 மற்போர் நிலைகளை விளக்கியிருக்கிறார். பல ஊர்களின் பாணிகளிலிருந்து அவர் பொறுக்கியெடுத்தவை. அவற்றில் 29 நிலைகள் சென் குடும்பக் கலையில் இருக்கின்றன என்று ஒப்பிட்டுக் காட்டியவரும் நம் வழக்கறிஞர் தாங் ஹாவ்தான். 1930களின் தொடக்கத்தில் அவர் இந்தக் கிராமத்துக்கே வந்து குடும்ப ஏடுகளைப் புரட்டினார். வம்சாவளிச் சுவடியில் வாங்டிங்கின் பெயருக்கு அருகில், சென் குடும்பத்துக் கைப்போர், வாள், ஈட்டி ஆகியவற்றைத் தொடங்கியவர் இவர் என்ற குறிப்பைக் கண்டார். அருங்காட்சியகத்தில் இந்தப் பகுதிக்கு முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். மற்றவர்கள் வெண்கலச் சிலைகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்

விடியும் முன்பே பயிற்சி. விடுதியை ஒட்டிய முற்றம், செங்கல் தளம், நல்ல குளிர். ஆசிரியருக்கு நாற்பது வயதிருக்கும். எல்லோரும் 'லாவ்ஷி' என்றே அழைக்கிறார்கள். சீனத்தில் எந்த ஆசிரியருக்கும் அதுதான் விளி. என்னோடு பிரேசிலிலிருந்து வந்த பல் மருத்துவர் ஒருவரும், உள்ளூர்ப் பள்ளிச் சிறுவர்கள் சிலரும்.

முதலில் சும்மா நிற்க வேண்டும். பாதங்கள் தோளகலத்துக்கு, முழங்கால்கள் சற்று மடிந்து, கைகள் மரத்தைக் கட்டிப்பிடித்த பாவனையில். நான் நின்றேன். எனக்கு வசதியாகவே இருந்தது. ஆசிரியர் வந்து பார்த்தார். என் இடுப்பின் பின்புறத்தில் ஒரு கை, வயிற்றில் ஒரு கை வைத்து, மிகக் கொஞ்சமாகக் கீழே அழுத்தினார். முழங்கையை விரலால் தொட்டு இறக்கிவிட்டார். மார்பை மெதுவாகத் தட்டினார். அவ்வளவுதான். அரை நிமிடத்தில் இரண்டு தொடைகளும் பற்றியெரியத் தொடங்கின. அதுவரை என் எடையை எலும்பு மூட்டுகளில் சாத்திவைத்து ஏமாற்றிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவர் அந்தச் சாய்மானத்தை உருவிவிட்டார். கால்கள் நடுங்க ஆரம்பித்ததும் பக்கத்தில் நின்ற சிறுவன் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டான்.

அடுத்து, பட்டு நூற்கும் பயிற்சி. ஒரு கை மட்டும் உடலுக்கு முன்னால் வட்டமிட வேண்டும். பார்த்தால் சுலபம். ஆனால் கை தானாக அசையக் கூடாது. குதிகால் தரையை அழுத்துகிறது, கால் முறுக்குகிறது, இடுப்பு திரும்புகிறது, முதுகு அதை வாங்கித் தோளுக்குக் கொடுக்கிறது; கடைசியில்தான் விரல் நகர்கிறது. திரும்பும்போது அதே வழியில் அடிவயிற்றுக்கு வந்து சேர வேண்டும். கூட்டிலிருந்து பட்டிழையை இழுப்பவர் சட்டென்று இழுத்தால் இழை அறும், தயங்கினால் சிக்கும் என்பதால் இந்தப் பெயர். எங்கே அறுகிறது என்று ஆசிரியருக்குப் பார்த்தவுடனே தெரிகிறது. "தோள்," என்கிறார். மறுபடியும், "தோள்." மதியம்வரை அந்த ஒரு சொல்தான்.

இந்த முறுக்குச் சுழற்சிதான் சென் பாணியின் உயிர்நாடி என்று விரிவாக எழுதிவைத்தவர் சென் சின். 1849இல் பிறந்தவர். இதே ஊரில் உட்கார்ந்து 12 ஆண்டுகள், ஒவ்வோர் அசைவுக்கும் படம் வரைந்து, உடலில் விசை ஓடும் பாதையைக் கோடிட்டுக் காட்டி, கையால் எழுதினார். அவருக்கு மகன் இல்லை. முதுமையில் நூலை உறவினர் மகனிடம் கொடுத்து, "தகுந்தவர் கிடைத்தால் கொடு, இல்லையென்றால் எரித்துவிடு" என்று சொன்னதாக ஊரில் சொல்கிறார்கள். 1929இல் இறந்தார். நூல் 1933இல்தான் அச்சானது.

'சி' என்ற உயிராற்றலைப் பற்றி நம் ஊர்ப் பயிற்சி வகுப்புகளில் மணிக்கணக்கில் பேசுவார்கள். இங்கே ஆசிரியர் வாயிலிருந்து நான் கேட்டவை குதிகால், இடுப்பு மடிப்பு, முழங்கால், தோள். உடலில் உள்ளவற்றின் பெயர்களைத் தவிர வேறு எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

மாலையில் சென் பாணியின் முதல் தொகுப்பு முழுவதையும் சிறுவர்கள் செய்து காட்டினார்கள். பூங்காவில் பார்த்த தாய்ச்சிக்கும் இதற்கும் உறவு இருப்பதே முதல் பார்வையில் தெரியாது. மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும் உடல் திடீரென்று வெடிக்கிறது, கைமுஷ்டி பாய்கிறது, அடுத்த கணம் பழைய நிதானம். தொடக்கத்திலேயே 'வச்சிர வீரன் உரலில் இடித்தல்' என்றொரு நிலை வருகிறது. கைமுஷ்டியும் முழங்காலும் ஒன்றாக மேலே எழுந்து, முஷ்டி இடது உள்ளங்கையில் விழ, அதே நொடியில் பாதம் தரையை அறைகிறது. இருபது சிறுவர்கள் ஒன்றாகச் செய்தபோது முற்றத்தின் செங்கல் அதிர்ந்தது. இரண்டாம் தொகுப்புக்குப் பெயரே பீரங்கிக் குத்து. அதில் நிதானம் என்று சொல்ல எதுவும் இல்லை.

புதன்

தொடைகள் ஒத்துழைக்கவில்லை. காலைப் பயிற்சியைச் சுருக்கிக்கொண்டு வயல் பக்கம் நடந்தேன்.

கிழங்கு தோண்டும் பருவம். 'இரும்புக் கம்பி' என்று இவர்கள் அழைக்கும் ஒரு வள்ளிக்கிழங்கு இனம், வென் வட்டத்தின் புகழ்பெற்ற விளைபொருள். விரல் பருமன்தான் இருக்கும். ஆனால் நேராக மண்ணுக்குள் இறங்கி ஏறக்குறைய ஒரு மீட்டர் வளர்ந்துவிடுகிறது. உடையாமல் எடுக்க, பக்கத்தில் இடுப்பளவு பள்ளம் வெட்டி, உள்ளே இறங்கி, மண்ணைச் சுற்றிலும் சுரண்ட வேண்டும். ஒரு முறை விளைந்த நிலத்தில் மறுபடி இதைப் பயிரிடப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமாம். பள்ளத்துக்குள் வேலை செய்துகொண்டிருந்தவர் எழுபதைத் தாண்டியவர். மண்வெட்டியை அவர் வீசியது தோளால் அல்ல. நேற்று ஆசிரியர் எனக்குச் சொல்லிச் சொல்லி அலுத்தது இங்கே சாதாரணமாக நடந்துகொண்டிருந்தது.

இந்தக் கிழங்கைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் தாய்ச்சி ஊரைவிட்டு வெளியே போன வழி இதுதான். இப்பகுதி முன்பு ஹுவாய்ச்சிங் என்ற நிர்வாகப் பிரிவில் இருந்தது. அதன் நான்கு மருந்துகள் சீனா முழுவதும் பெயர் பெற்றவை: இந்தக் கிழங்கு, ரெமானியா வேர், செவ்வந்திப் பூ, இன்னொன்று நம் நாயுருவியின் நெருங்கிய உறவான ஒரு செடியின் வேர். சித்த மருத்துவம் தெரிந்தவர்களுக்கு அந்த நான்காவதைப் பார்த்தால் புன்னகை வரும். இப்பகுதி வணிகர்கள் மருந்துச் சரக்கோடு தூர தூர நகரங்களுக்குப் போனார்கள். சரக்கோடு காவலும் போக வேண்டியிருந்தது. வழியெங்கும் கொள்ளையர் பயம். சென் குடும்பத்து ஆண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலைகளில் ஒன்று அந்த வழிக்காவல். கலை கூர்மை கெடாமல் இருந்ததற்கு அதுவும் காரணம்.

சென் தேஹு என்ற சென்ஜியாகோவ்காரர் வடக்கே ஹெபெய் மாகாணத்தின் யோங்நியானில் 'தாய்ஹேதாங்' என்ற மருந்துக்கடை வைத்திருந்தார். அந்த ஊர் ஏழை இளைஞர் யாங் லூச்சான் (1799–1872) இங்கே வந்து சேர்ந்தது அந்தக் கடையின் தொடர்பால்தான். சென் தேஹுவின் வீடு இப்போது 'யாங் லூச்சான் கலை கற்ற இடம்' என்று புதுப்பிக்கப்பட்டு நிற்கிறது. முற்றம் சிறியது. சுவர் இடுக்கு வழியாக இரவில் எட்டிப் பார்த்து யாங் கலையைத் திருடினார் என்ற கதையை வழிகாட்டிப் பெண் ரசித்துச் சொன்னார். மக்கள் அந்தச் சுவரோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. நேற்று ஆசிரியர் என் இடுப்பில் கை வைத்த பிறகு சுத்தமாக இல்லை. எட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயமா இது?

யாங்குக்குக் கற்பித்தவர் பதினான்காம் தலைமுறை சென் சாங்சிங் (1771–1853). எந்நேரமும் நிமிர்ந்து நேராக நிற்பார் என்பதால் மூதாதையர் பெயர் பொறித்த வழிபாட்டுப் பலகையின் பெயரையே அவருக்குப் பட்டமாக வைத்தார்கள். நாடகம் பார்க்கும் நெரிசலில் அவர் மேல் மோதியவர்கள் பாறையில் மோதிய நீராக விலகிப் போவார்கள் என்பார்கள். வெளியார் ஒருவருக்கு, அதுவும் வேற்றுக் குலத்தவருக்கு, குடும்பக் கலையை அவர் ஏன் கொடுத்தார் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு விளக்கம். கொடுக்காமல் இருந்திருந்தால் இன்று பூங்காக்களில் தாய்ச்சி இருந்திருக்காது.

இரவு உணவில் வேகவைத்த அதே கிழங்கு. மாவுபோல் உதிர்ந்தது. சர்க்கரை தொட்டுக்கொள்ளக் கொடுத்தார்கள்.

வியாழன்

கைத்தள்ளு. இருவர் எதிரெதிரே நின்று, மணிக்கட்டுகளை ஒட்டவைத்து, வட்டமாகச் சுழற்றிக்கொண்டே மற்றவரின் சமநிலையைக் கலைக்கப் பார்ப்பது. தாங்குதல், உருட்டி வாங்குதல், அழுத்துதல், தள்ளுதல் என்று அடிப்படை விசைகள் நான்கு. ஆசிரியரைத் தள்ளினேன். தள்ளிய இடத்தில் அவர் இல்லை. நான் மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். பிறகு எப்படியோ மூன்றடி பின்னால் நின்றேன். வலிக்கவே இல்லை, அதுதான் எரிச்சல். "நீங்கள் முடிவெடுத்ததை உங்கள் மணிக்கட்டு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது," என்றார் கைபேசி மொழிபெயர்ப்புச் செயலியின் குரலில். பல் மருத்துவர் என்னைவிடப் பரவாயில்லை. அவர் கைகளுக்கு அடக்கம் தெரியும்.

மதியம் நீண்ட கழி. சீனச் சாம்பல் மரத்தின் வளையக்கூடிய தண்டு, என்னைப்போல் இரண்டு ஆள் உயரம். அதன் ஒரு முனையைப் பிடித்து இடுப்பின் ஒரு சிறு அசைவால் மறுமுனையை அதிரவைக்க வேண்டும். என்னுடையது அசைய மறுத்தது. அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

கசப்பான விஷயம் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஊரில் ஒரு பள்ளியில் விசாரிக்கப் போனேன். கட்டணப் பட்டியலின் அடியில் 'சான்றிதழ்' தனி விலையோடு இருந்தது. இன்னும் கொஞ்சம் கொடுத்தால் சீடராக ஏற்கும் சடங்கும் ஏற்பாடு செய்யலாம் என்றார்கள். ஆசிரியர் முன் மூன்று முறை தலை தரையில் பட வணங்கி, தேநீர் அளித்து, எழுத்தில் உறுதி கொடுத்து, குடும்பத்தில் ஒருவராகச் சேரும் சடங்கு அது. பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய பிறகே முன்பெல்லாம் நடந்தது. முகவரி அட்டையில் 'இத்தனையாம் தலைமுறை' என்று எண் போட்டுக்கொள்வதற்காகவே சிலர் வருகிறார்களாம். வந்தவர்களைக் குறை சொல்வதா, விற்பவர்களையா என்று விடுதிப் பாட்டியிடம் கேட்டேன். "பாலைவிட நுரைதான் முதலில் பொங்கும்," என்றார்.

அந்தப் பாட்டிதான் சென் ஜாவ்பெய்யைப் பற்றிச் சொன்னார். சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறாராம். இந்த ஊரின் இன்றைய செழிப்புக்கு ஒரு மனிதரைக் காரணம் சொல்ல வேண்டும் என்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும். 1893இல் பிறந்தவர். 1928இல் பெய்ஜிங்கின் புகழ்பெற்ற மருந்துக்கடையான தோங்ரென்தாங்கின் உரிமையாளர்கள் அழைத்ததால் அங்கே போய்க் கற்பித்தார். பாருங்கள், மறுபடியும் மருந்துக்கடை. பிறகு நான்ஜிங்குக்குப் போனார். பெய்ஜிங்கில் அவர் இடத்துக்குச் சித்தப்பா முறையான சென் ஃபாகே வந்து, 1957இல் இறக்கும் வரை அங்கேயே கற்பித்தார். 1958இல் ஜாவ்பெய் ஓய்வுக்காக ஊர் திரும்பினார். பஞ்சமும் போரும் பார்த்து ஓய்ந்த ஊரில் கற்றுக் கொடுக்கப் பெரியவர்களும் இல்லை, கற்க இளைஞர்களும் இல்லை. அறுபதைத் தாண்டிய மனிதர் குலப் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைக்காத குறையாகக் கற்பித்தார். கலாசாரப் புரட்சியின்போது அவரைத் தெருவில் நிறுத்தி அவமானப்படுத்தினார்கள். தாங்காமல் கிணற்றில் குதித்தார், பிழைத்தார் என்கிறார்கள். அதன் பிறகும் இரவில், கதவைச் சாத்திக்கொண்டு, கற்பித்தார். 1972இல் இறந்தார். சென் சியாவ்வாங், சென் ஜெங்லெய், வாங் சியான், ஜூ தியான்சாய் என்று பிற்காலத்தில் உலகம் சுற்றிக் கற்பித்த நால்வரும் அவரிடம் தொடங்கியவர்கள். அவர்களில் இருவர் சென் குலத்தவரே அல்ல.

"அப்போது அவர் பெண்களுக்கும் கற்றுக் கொடுத்தாரா?" என்று கேட்டேன்.

"நான் கேட்கவில்லையே! எனக்குப் பன்றிகளைப் பார்க்க வேண்டியிருந்தது," என்றார் பாட்டி. அவருடைய பேத்தி இப்போது வாள் பயிற்சியில் இருக்கிறாள்.

வெள்ளி, குவாங்ஃபூ

செங்சோவ் திரும்பி, அதிவேக ரயிலில் வடக்கே ஹாண்டான், அங்கிருந்து சாலை வழியாக யோங்நியானின் பழைய கோட்டை நகரம் குவாங்ஃபூ. யாங் லூச்சான் நடந்தோ வண்டியிலோ நாள்கணக்கில் கடந்த தூரம். எனக்கு ஒரு முற்பகல்.

ஊர் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. நாலரை கிலோமீட்டர் சுற்றளவுள்ள மதில், அதைச் சுற்றி அகழி, அகழிக்கு வெளியே நாணல் அடர்ந்த சதுப்பு நிலம். சென்ஜியாகோவின் புதுச் சதுக்கங்களைப் பார்த்து வந்த கண்ணுக்கு ஆறுதல். கழுதை இறைச்சித் தொத்திறைச்சி இவ்வூர்ச் சிறப்பு. வாசலுக்கு வாசல் நீட்டுகிறார்கள். மறுத்து மறுத்து எனக்கு அந்த ஒரு சீனச் சொற்றொடர் நன்றாகப் பழகிவிட்டது.

தெற்கு வாசலுக்கு வெளியே யாங்கின் வீடு. உள்ளே, செல்வந்தர் தெருவில், வூ யூசியாங்கின் (1812–1880) மாளிகை. படித்த, நிலபுலம் உள்ள குடும்பம். தாய்ஹேதாங் மருந்துக்கடை நடந்த கட்டடமும் அவர்களுடையதுதான். சென் தேஹுவுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள் என்கிறார்கள். ஏழை யாங் திரும்பி வந்து கலையைக் காட்டியதும் பணக்கார வூவுக்கும் ஆசை வந்தது. 1852இல் அவரும் தெற்கே கிளம்பினார். ஆனால் சென்ஜியாகோவுக்குப் பக்கத்து ஊரான ஜாவ்பாவில், சென் சிங்பிங்கிடம் கற்றுத் திரும்பினார். அதே காலத்தில் அவருடைய அண்ணன் ஹெனானில் ஓர் உப்புக்கடையில் வாங் சோங்யுவே என்பவர் எழுதிய ஏடு கிடைத்ததாகக் கொண்டுவந்தார். நாலு அவுன்ஸால் ஆயிரம் பவுண்டை விலக்கு என்ற புகழ்பெற்ற வரி அதில்தான் இருக்கிறது. அந்த வாங் யார், அப்படியொருவர் இருந்தாரா, வூ சகோதரர்களே எழுதி அவர் பெயரைப் போட்டார்களா என்று நூறாண்டாக வழக்கு நடக்கிறது. உப்புக்கடையில் ஏடு கிடைத்தது என்ற வாக்கியத்தைப் படிக்கும்போது எனக்குள் இருக்கும் தாங் ஹாவ் கண்ணாடியைச் சரிசெய்துகொள்கிறார். ஆனால் ஏட்டின் நடை அருமை. எழுதியவர் யாராக இருந்தாலும் கைத்தள்ளு தெரிந்தவர்.

யாங் பெய்ஜிங்குக்குப் போய் மஞ்சூ பிரபுக்களுக்குக் கற்பித்தார். 'வெல்ல முடியாத யாங்' என்று பெயர் எடுத்தார். பேரன் யாங் செங்ஃபூ (1883–1936) குதித்தலையும் தரை உதையையும் திடீர் வெடிப்பையும் விட்டுவிட்டு, ஒரே சீரான, அகன்ற, மெதுவான பாணியை நிலைநிறுத்தினார். யாருக்கும் பொருந்தக்கூடிய அந்த வடிவம்தான் நாடெங்கும் பரவியது. 1956 தொகுப்பு அதிலிருந்து வந்தது. மெதுவாக்கியதை நீர்த்துப்போகச் செய்தல் என்று சென்ஜியாகோவில் சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அறுபது வயதுக்காரர் ஒருவர் தினமும் செய்யக்கூடிய ஒன்றை உருவாக்குவது, இருபது வயதுக்காரர் செய்யக்கூடியதை உருவாக்குவதைவிடக் கடினமான வேலை.

சனி

விடியற்காலையில் மதில் மேல் ஏறினேன். எட்டு மீட்டர் அகலம். தாய்ச்சிக்கு இதைவிட நல்ல தளம் கிடையாது. பத்துப் பதினைந்து பேர், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், யாங் பாணியில் நீளத் தொகுப்பைச் செய்துகொண்டிருந்தார்கள். இசை இல்லை. ஓரமாக நின்று 24ஐச் செய்தேன். முடித்ததும் நீலத் தொப்பி அணிந்த பெரியவர் ஒருவர் வந்து, எங்கே கற்றேன் என்று விசாரித்தார். சென்ஜியாகோவிலிருந்து வருகிறேன் என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது. "அங்கே ஏன் தரையை அப்படி மிதிக்கிறார்கள்? தரை அவர்களுக்கு என்ன தீங்கு செய்தது?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இந்த வேடிக்கை அவர்களுக்குப் பழையது என்பது தெரிந்தது.

"அங்கே உங்களைப் பற்றியும் சொல்கிறார்கள்," என்றேன்.

"தூங்கிக்கொண்டே செய்கிறோம் என்றுதானே?" என்று சொல்லி வலது மணிக்கட்டை நீட்டினார். நான் என்னுடையதை வைத்தேன். இரண்டு சுற்றுத்தான் சுழன்றிருக்கும். மதிலின் மறு ஓரத்துக்குப் போயிருந்தேன். சென்ஜியாகோவ் ஆசிரியர் வீசியபோது எங்கிருந்தாவது ஓர் உந்துதல் தெரிந்தது. இவரிடம் அதுவும் தெரியவில்லை.

"தோள்," என்றார் பெரியவர்.

பத்து மணிக்கு ஹாண்டானில் ரயில். மதில் படியில் உட்கார்ந்து கைபேசியை எடுத்து டிக்கெட்டை மாலைக்கு மாற்றிக்கொண்டு, மறுபடியும் மேலே ஏறினேன்.